மூன்று முறை சொல்லியும்: விமானத்தில் மனிதத் தவறு எங்கே தொடங்குகிறது?

2010 மே 22, காலை ஆறு மணியைத் தாண்டிய நேரம். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் அது இருந்தது. துணை விமானி "கோ அரவுண்ட்" என்றார். இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறுவோம், சுற்றி வந்து மறுபடி முயல்வோம் என்று அதற்குப் பொருள். அதை அவர் மூன்று முறை சொன்னார். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் விடாமல் கத்தியது. கேப்டன் இறக்கினார். 8,033 அடி நீள ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்துபோன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட ஓடுபாதை அது. முடிகிற இடத்துக்கு அப்பால் பள்ளம். விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

காரணம் என்ன என்று கேட்டால் இரண்டே சொல்லில் பதில் வரும்: விமானியின் தவறு. பொய் இல்லை. விசாரணை அறிக்கையும் நேரடிக் காரணமாக அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த இரண்டு சொல்லோடு கோப்பை மூடிவிட்டால், அடுத்த விபத்தைத் தடுக்க நம் கையில் ஒன்றுமே இருக்காது. தவறு செய்தவர் இறந்துவிட்டார். அவரை இனி யார் திருத்துவது?

அந்த கேப்டன் அனுபவம் இல்லாதவர் அல்ல. பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மங்களூரும் அவருக்குப் புதிதல்ல. அப்படியானால் என்ன நடந்தது? விமானிகள் உட்காரும் அறையான காக்பிட்டின் குரல்பதிவுக் கருவியில் கடைசி இரண்டு மணி ஐந்து நிமிடம் பதிவாகியிருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் இரண்டு விமானிகளுக்கும் இடையே பேச்சே இல்லை. கேட்டது கேப்டனின் குறட்டைச் சத்தம். மதியம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கி, சாயங்காலம் திடுக்கென்று எழுந்து, இது காலையா மாலையா என்று விழித்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மூளை உடனே முழு வேகத்துக்கு வராது. அதுவும் நள்ளிரவு தாண்டி விடியும்வரை உடம்பின் கடிகாரம் மிகத் தாழ்ந்து கிடக்கிற நேரம். அந்த நிலையில் ஒருவர் கண்விழித்து, கொஞ்ச நேரத்திலேயே மலையுச்சி ஓடுபாதையில் விமானத்தை இறக்க வேண்டியிருந்தது.

இன்னும் இருக்கிறது. மங்களூரின் ரேடார் இரண்டு நாளாகப் பழுதாகிக் கிடந்தது. அதனால் வழக்கத்தைவிட ஓடுபாதைக்கு நெருக்கமாக வந்த பிறகே கீழிறங்க அனுமதி கிடைத்தது. குறைந்த தூரத்தில் நிறைய உயரத்தைக் குறைக்க வேண்டும்; அதற்கான திட்டமிடல் நடக்கவில்லை. முன்பு ஒருமுறை விமானத்தைச் சற்று அதிர இறக்கியதற்காக நிறுவனம் அந்த கேப்டனை அழைத்துப் பேசியிருந்தது. அப்புறம், என்னை மிகவும் உலுக்கியது இதுதான்: துணை விமானி எந்தக் கட்டத்தில் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் விதிகள் ஒன்றோடொன்று தெளிவாக ஒத்துப்போகவில்லை. அவர் மூன்று முறை வாயால் சொன்னார்; கையால் எடுக்கவில்லை.

இப்போது கேள்வி மாறிவிட்டது. 'யார் தவறு செய்தார்' என்று கேட்டுக்கொண்டிருந்தோம். 'அந்தத் தவறு இத்தனை பேர், இத்தனை கருவி, இத்தனை விதி எல்லாவற்றையும் தாண்டி எப்படிக் கடைசிவரை போனது' என்பது வேறு கேள்வி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் விமானத்துறை கற்ற பாடங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து வந்தவை.

'தவறு' என்று ஒரே சொல்லில் நாம் அடக்குவது உண்மையில் பலவகை. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடுவது கை நழுவல். பால் காய்ச்ச வைத்ததை மறந்துபோவது மறதி. இந்த வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று நம்பி, முழு நிதானத்தோடு தப்பான வழியில் போவது தீர்மானப் பிழை. ஒருவழிப் பாதை என்று தெரிந்தே, எல்லோரும் போகிறார்களே என்று வண்டியை விடுவது விதிமீறல். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இந்தப் பிரிவினையை முறைப்படுத்தினார். இது வெறும் பெயர் சூட்டல் அல்ல. வியாதிக்கு வியாதி மருந்து வேறு. உப்பைப் போட்டவருக்குச் சமையல் வகுப்பு எடுத்துப் பயனில்லை, அவருக்குச் சமைக்கத் தெரியும். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

இதை அப்படியே நிரூபித்த கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, விமானிகள் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டு விமானத்தை வயிற்றில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, பலர். 'விமானியின் தவறு' என்றே ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. அமெரிக்க விமானப்படையில் வேலைபார்த்த அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இறக்கையின் ஃபிளாப்பை, அதாவது இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் விரியும் பலகையை, மடக்கும் கைப்பிடியும் சக்கரத்தை மடக்கும் கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. தரையிறங்கியதும் ஃபிளாப்பை மடக்க வேண்டும். களைத்த கை பக்கத்துக் கைப்பிடிக்குப் போனது. அவர் செய்த வைத்தியம் சின்னது. சக்கரக் கைப்பிடியின் நுனியில் சக்கர வடிவிலும், ஃபிளாப் கைப்பிடியின் நுனியில் ஆப்பு வடிவிலும் ரப்பர் துண்டு மாட்டினார். கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். இன்று எந்தப் பயணிகள் விமானத்தின் காக்பிட்டிலும் சக்கர நெம்புகோலின் நுனி குட்டிச் சக்கரம் போலவே இருக்கிறது.

தவறு காக்பிட்டில் மட்டும் நடப்பதில்லை. நடு இரவில், விமானத்தைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில், ஒரு மெக்கானிக்கின் கையிலும் நடக்கும். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்; முதலில் யாரும் நம்புவதில்லை. 17,000 அடி உயரத்தில் கேப்டனுக்கு எதிரே இருந்த முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. உள்ளிருந்து பாய்ந்த காற்று கேப்டன் டிம் லங்காஸ்டரை இடுப்புவரை வெளியே இழுத்துப் போட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி அலஸ்டர் ஆட்ச்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். இறந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த கேப்டன் பிழைத்தார். யாருமே இறக்கவில்லை.

அந்தக் கண்ணாடியை மாற்றி ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு, அதாவது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி ஆறும் விட்டம் சரி, நீளம் குறைவு.

யார் மாட்டியது? இரவு ஷிப்டின் பராமரிப்பு மேலாளர், அனுபவசாலி, மற்றவர்கள் மதித்த ஆள். அன்று ஆள் பற்றாக்குறை. விமானம் காலையில் தயாராக வேண்டும். வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். விடிகாலை மூன்று மணிக்கு மேல். பழைய போல்ட்டைக் கழற்றி, அதே மாதிரி புதிது வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனார். அங்கிருந்தவர் இந்தக் கண்ணாடிக்கு இன்ன அளவுதான் போடுவது என்று சரியாகவே சொன்னார். ஆனால் கழற்றிய போல்ட்டு வேறு அளவு. அதுவே இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. அதனால் அதற்கு ஒத்ததைத் தேட, ஆளில்லாத இன்னொரு ஸ்டோருக்குப் போனார். வெளிச்சம் மங்கல். படிக்கிற கண்ணாடியை அவர் போட்டிருக்கவில்லை. போல்ட்டுகளைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். உதிரிபாகப் புத்தகத்தைப் புரட்டவில்லை.

மாட்டும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? சரியான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று விடுபடும் ஸ்க்ரூடிரைவர் அவர் கையில் இருந்தது. மெல்லிய போல்ட்டின் மரை வழுக்கும்போதும் கைக்கு அதே மாதிரி உணர்வுதான். போல்ட்டின் தலை குழியில் கொஞ்சம் அதிகமாக அமிழ்ந்திருந்தது. அதைப் பார்க்க முடியாதபடி மேடையில் சாய்ந்து நின்று வேலைபார்த்தார். சரி, வேறு யாராவது சோதித்தார்களா? முன்கண்ணாடி 'கட்டாய இரட்டைச் சோதனை' பட்டியலில் இல்லை. செய்தவரும் அவரே, சரி என்று கையெழுத்திட்டவரும் அவரே. இதற்கெல்லாம் முன்னால், வரைபலகையிலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது: அந்த விமானத்தில் முன்கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்தினார்கள். உள்ளிருந்து பொருத்தும் வகையாக இருந்தால் உள்காற்றின் அழுத்தமே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். இங்கே அழுத்தம் முழுவதையும் போல்ட்டுகளே தாங்க வேண்டியிருந்தது.

அவர் குறுக்குவழியில் போனார் என்பது உண்மை. ஆனால் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டால் எது சரியாகும்? வெளிச்சம் வராது, ஆள் கூடாது, இரட்டைச் சோதனை வராது. அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொரு நல்ல மெக்கானிக் நிற்பார். ரீசன் இதற்குத் தந்த உவமையை அநேகமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது. ஒவ்வொரு பாதுகாப்பு அடுக்கிலும் ஓட்டை உண்டு. எல்லா ஓட்டையும் ஒரே கோட்டில் வரும் நாளில் விபத்து. நமக்குப் பழகிய சல்லடைகளை அடுக்கி யோசித்தாலும் விஷயம் ஒன்றே. ஓட்டையே இல்லாத அடுக்கை யாரும் செய்ததில்லை. அடுக்கைக் கூட்டலாம், ஓட்டையைச் சின்னதாக்கலாம்.

அந்த அடுக்குகளில் மிகச் சிக்கலானது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக மனிதர்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் எல்லாம் இங்கே திருப்பிவிடப்பட்டு நெருக்கியடித்து நின்றன. பனிமூட்டம் இறங்கியது. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ (போயிங் 747) ஓடுபாதையின் ஒரு முனையில் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டு டவருக்கு இரண்டுமே தெரியவில்லை. கே.எல்.எம். கேப்டன் கிளம்பினார், புறப்படும் அனுமதி இல்லாமலே. "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்று துணை விமானி சொன்னதை, தயாராக நிற்கிறார்கள் என்று டவர் புரிந்துகொண்டது. 'காத்திருங்கள்' என்று டவர் சொன்ன சொல்லும் 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்' என்று பான் ஆம் சொன்ன சொல்லும் ஒரே நேரத்தில் மோதி, கே.எல்.எம். காதில் வெறும் இரைச்சலாக விழுந்தன.

அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. கே.எல்.எம். ஃபிளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் தட்டியது. பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, விலகிவிட்டது என்கிற தொனியில் பதில் சொன்னார். இன்ஜினியர் அடங்கிப்போனார். 583 பேர் இறந்தார்கள். விமானப் பயண வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

அந்த கேப்டன் சாதாரண ஆள் இல்லை. நிறுவனத்தின் ஜம்போ விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர்; விளம்பரத்தில் வந்த முகம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு ஜம்போ ஓட்டும் தகுதித் தேர்வை நடத்தியதும் அவர்தான். தன்னைப் பாஸ் போட்ட ஆசிரியரிடம் 'சார், நில்லுங்க' என்று எத்தனை பேர் சொல்வோம்? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது ஏதோ ஆசிய வியாதி என்று தோன்றலாம். அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் டெனெரிஃபில் இருந்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள்.

இரண்டு மாற்றங்கள் இதிலிருந்து வந்தன. ஒன்று மொழியில்: 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. இன்னொன்று ஆழமானது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்துபோய் விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்பது காக்பிட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் செய்தார்கள், அழுத்திச் சொல்லவில்லை. 1979இல் நாசா இதற்காகவே ஒரு பட்டறை கூட்டியது. 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்', சுருக்கமாக சி.ஆர்.எம்., என்று இன்று உலகமெங்கும் விமானிகளுக்குக் கட்டாயமாகியிருக்கும் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. கேப்டன் கேட்கப் பழக வேண்டும். இளையவர் சொல்லப் பழக வேண்டும். 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில், விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பு முழுவதும் போன ஒரு டி.சி.-10 விமானத்தை, பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் விமானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, நான்கு பேர் கூடி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் அல் ஹெய்ன்ஸ் அதற்குப் பிறகு அந்தப் பயிற்சியை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்.

சொல்லும் தைரியம் காக்பிட்டோடு முடிவதில்லை. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று வாஷிங்டனை நெருங்கும்போது மேகத்துக்குள் இறங்கி, வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். வரைபடத்தையும் கட்டுப்பாட்டாளர் தந்த அனுமதியையும் தவறாகப் புரிந்துகொண்டு, சீக்கிரமே இறங்கிவிட்டார்கள். நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், ஆறு வாரத்துக்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் விமானமும் இதே குழப்பத்தால் இதே மலையில் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் சொல்ல வழி எதுவும் இல்லை.

அந்த வழியைத்தான் 1976இல் திறந்தார்கள். விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் மெக்கானிக்குகளும் தாங்கள் செய்த தவறைத் தாங்களே எழுதி அனுப்பலாம். வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து ஆணையம் அல்ல, நாசா. பெயரை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எல்லோருக்கும் அனுப்புவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவது, வேண்டுமென்றே விதியை மீறுவது, இவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எது நேர்மையான தவறு, எது அலட்சியம் என்ற கோடு எப்போதும் சுலபமாகத் தெரிவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கோட்டைப் போட்டே ஆக வேண்டும். ஒப்புக்கொண்டால் சம்பளம் போகும் என்ற இடத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளாத தவறு அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும்.

திரும்ப நம் ஊருக்கு வருவோம். மங்களூருக்குப் பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே துபாய், அதே மாதிரி மலைமேல் ஓடுபாதை. கொட்டும் மழை, கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. முதல் முயற்சியை விமானிகள் கைவிட்டது சரியான முடிவு. இரண்டாவது முறை பின்காற்றோடு இறங்கி, 8,858 அடி ஓடுபாதையில் பாதியை நெருங்கிய இடத்தில், 4,438 அடியில் தரையைத் தொட்டது. 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் அடக்கம். துணை விமானி இங்கேயும் "கோ அரவுண்ட்" என்று சொன்னார், இங்கேயும் கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. அந்த கேப்டன் மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தத் தளத்தில் கேப்டன்கள் போதவில்லை. எப்படியாவது இங்கேயே இறக்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு அதனாலும் இருந்திருக்கலாம் என்று விசாரணை பார்த்தது. தவறின் ஒரு நுனி காக்பிட்டில். இன்னொரு நுனி ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது பணி என்ற அட்டவணை, போடும் மேசையில்.

ரோஸ்டர் என்றதும் சொல்லியாக வேண்டும். விமானிகளின் களைப்பைக் குறைக்க இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் புதிய பணிநேர விதிகளைக் கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலானது. டிசம்பரில் போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாகின. பயணிகள் விமான நிலையங்களில் தவித்தார்கள். கடைசியில் இரவுப்பணி தொடர்பான விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டது. பயணிகளின் அவதி உண்மை. ஆனால் விதியை எழுதி, அவகாசம் கொடுத்து, அமலாகும் வேளையில் தளர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. குறட்டைச் சத்தம் கேட்ட அந்த ஒலிப்பதிவுக்குப் பதில் சொல்ல வந்த விதி அது.

துணை விமானியின் கை ஏன் நீளவில்லை என்ற கேள்விக்கு இப்போது பயிற்சிக்கூடங்களில் நேரடியாகவே வேலை நடக்கிறது. நிஜ காக்பிட் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் பயிற்றுநர் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மோசமாக இறங்குவார். துணை விமானி ஒருமுறை எச்சரிக்க வேண்டும். பதில் இல்லை என்றால் இரண்டாம் முறை. அதற்கும் பதில் இல்லை என்றால், எதிரே இருப்பவர் செயலற்றுப்போனதாகவே எடுத்துக்கொண்டு, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கோ அரவுண்ட் செய்ததற்காக யாரையும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது என்பதும் நல்ல விமான நிறுவனங்களில் எழுத்தில் இருக்கிறது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்": சொல்லச் சுலபமாகத் தெரியும் மூன்று சொல்தான். வாய் தானாகச் சொல்லும்வரை, கை தானாக நகரும்வரை, திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். மங்களூரில் விமானம் தரையைத் தொட்ட பிறகு, இனி ஓடுபாதை மிச்சமில்லை என்று சொன்னதும் அந்தத் துணை விமானியின் குரல்தான்.